காம்பவுண்ட் வில் தேய்ந்தால் யார் பொறுப்பு?

முனைகளில் சக்கரமும் கேபிளும் கொண்ட காம்பவுண்ட் வில்லின் நாணை, அம்பு பூட்டாமல் இழுத்து விடவே கூடாது. அம்பைத் தள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பிவிடும். ஒரே முறை விட்டாலும் வில்லின் கைகளில் விரிசல் விழலாம், கேபிள் சக்கரத்தை விட்டுத் தெறித்து இழுத்தவரின் முகத்தைப் பதம் பார்க்கலாம். வில் விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். போதிய எச்சரிக்கை தராமல் விற்ற பொருளால் காயம் பட்டால் இழப்பீடு கேட்க, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது.

2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியாவே வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த வில்லுக்குக் கலப்பு அணிப் போட்டி வருகிறது. கைகள் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லேந்தி பாரிஸ் பாராலிம்பிக்கில் பதக்கம் வென்றதைப் பார்த்த பிள்ளைகள், விருதுநகர் மாவட்டச் சாத்தூரிலும் வில் கேட்பார்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் ஓடும் குடும்பத்துக்கு அதன் விலை பல மாதச் சம்பளம். அதனால் ஆன்லைனிலோ யாரோ பயன்படுத்திய பழையதாகவோ வாங்குவதுதான் நடக்கும். தேய்மானச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண வில்லை வேலை முடிந்ததும் நாண் கழற்றி வைத்துவிடலாம். காம்பவுண்ட் வில் அப்படியல்ல. சுவரில் மாட்டியிருக்கும்போதும் அதன் நாணும் கேபிள்களும் விறைத்தே இருக்கும். போட்டியில் அனுமதிக்கப்படும் உச்ச இழுவிசை 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ.

முதலில் தேய்வது நாண்தான். இழைகள் பஞ்சுபோல் சிலிர்த்தால் மெழுகு கேட்கிறது என்று பொருள். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த நாணை மாற்றியாக வேண்டும். சக்கரத்தின் பள்ளத்தில் உட்காரும் இடத்தில் சுற்று நூல் விலகி உள்இழை தெரிகிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ தகரக் கொட்டகையிலோ வில்லை வைத்தால் நாண் நீண்டுவிடும். குறி பார்க்கும் வளையம் இழுக்கும்போது ஒரு பக்கமாகத் திரும்பினால், அது முதல் அறிகுறி. மேல்சக்கரமும் கீழ்ச்சக்கரமும் ஒரே நேரத்தில் முழு இழுவைக்கு வராவிட்டால், அது அடுத்தது.

சக்கரத்தை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அச்சோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. கரிசல் தூசு பேரிங்குக்குள் போனால் இழுக்கும்போது நறநறவென்று கேட்கும். வில்லின் கைகள் மீது ஒரு பஞ்சுத் துண்டைத் தேயுங்கள். பஞ்சு எங்காவது மாட்டிக்கொண்டால் அங்கே சிம்பு எழும்பியிருக்கிறது. அந்த வில்லை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

அம்பையும் விட்டுவிடாதீர்கள். கார்பன் அம்பை எய்யும் முன் ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்து, விரிசல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பின் எடை 5 கிரெய்னுக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெய்ன், ஏறக்குறைய 19.5 கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம். இதைவிட லேசான அம்பு, அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும்.

சிவகாசியில் அச்சு இயந்திரத்தையே பிரித்து மாட்டும் கைத்திறன் உண்டு, லேத் பட்டறைகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் வில்லை அங்கே கொண்டுபோக வேண்டாம். வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் நாணைக் கழற்றினால், அடைபட்ட விசை மொத்தமாக வெளியே பாயும். சாதாரண இரும்பில் கடைந்த அச்சு அந்த விசையைத் தாங்காது. பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யார் பிரித்தாலும் உத்தரவாதமும் போய்விடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் வேட்டை வில் என்றே விளம்பரம் வருகிறது. வெடிவைத்துப் பன்றி கொல்வதுதான் குற்றம், சத்தமில்லாத வில் குற்றமாகாது என்று நினைப்பது தவறு. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், கொல்ல முயல்வதும் காயப்படுத்துவதும்கூட வேட்டைதான். மயிலைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் அதைச் சுடும் பொறுப்பை 2025-ல் தமிழக அரசு வனத்துறையிடம்தான் கொடுத்தது, விவசாயியிடம் அல்ல. 

இனி, பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு வருவோம். வாங்கிய வில் குறையுள்ளதாக இருந்தால் பழுது நீக்கவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம், காயத்துக்கு இழப்பீடும் கேட்கலாம். ஆன்லைன் நிறுவனம் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கட்டணம் வாங்கும் பயிற்சி மையம் தேய்ந்த வில்லைக் கொடுத்துப் பிள்ளைக்குக் காயம் பட்டால், அது சேவைக் குறைபாடு. இலவசப் பயிற்சி என்றால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வியாபாரியல்லாத தனிநபரிடம் பழைய வில் வாங்கியவருக்கும் நுகர்வோர் சட்டத்தின் துணை பெரும்பாலும் இருக்காது. பழையது வாங்குவதானால் பில் தரும் கடையில் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பில், உத்தரவாத அட்டை, பழுதுபட்ட பாகத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அறுந்த நாணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வழக்கில் அதுதான் சாட்சி. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.