சுவரின் வெண்மையும் கரையின் காவலும்

கொள்ளுப்பிட்டிப் புகையிரத நிலையத்தில் மாலை வேளையிற் சற்றே நிற்பவர், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையே கருங்கற்கள் குவிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். அலை கரையை அரித்து இருப்புப் பாதையைக் கொண்டுபோகாதிருத்தற்கு மனிதன் பொருள் செலவிட்டு அமைத்த அரண் அது. இத்தகைய அரண் ஒன்றைத் தென்னிலங்கைக் கரைக்கு இயற்கை விலையின்றியே அமைத்துத் தந்திருந்தது. அதுவே முருகைக்கற் பார். அதனை நாம் என் செய்தோம்?

முருகைக்கல் சுண்ணாம்பாலானது. அதனைப் பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுட்டால், வீடு கட்டவும் சுவருக்கு வெள்ளை பூசவும் ஏற்ற சுண்ணாம்பு கிடைக்கும். அம்பலாங்கொடை முதலாகத் தெற்கே நெடுந்தூரம் இத்தகைய சூளைகள் பல புகைந்தன. கடலில் மூழ்கிக் கல் பெயர்த்தவரும் சூளையில் விறகடுக்கியவரும் வறியவர்; அன்றாடக் கூலியே அவர்தம் அடுப்பை எரித்தது. அவர்களைப் பழித்தல் அறமன்று. நம் வீட்டுச் சுவர்கள் வெண்மை பெறவேண்டுமென்ற விருப்பமன்றோ அவர்கள் கையிற் கடப்பாரையைக் கொடுத்தது! 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டமும், அதற்கு 1988இற் செய்யப்பட்ட திருத்தமும் இத்தொழிலுக்குத் தடை விதித்தன. ஆயினும், மாற்றுத் தொழில் வாய்க்காத இடங்களிற் சட்டம் ஏட்டளவில் நின்றது. கல் களவாகப் பெயர்க்கப்பட்டது.

2004ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26ஆம் நாட் காலையில், கொள்ளுப்பிட்டி வழியாகத் தெற்கு நோக்கிச் சென்ற 'சமுத்திர தேவி' என்னும் புகையிரதம், பெரலிய என்னும் ஊரிற் கடல்கோளுக்கு இரையாயிற்று. மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பேராசிரியர் ஹரிந்திர பெர்னாந்தோவும் உடனாய்வாளரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஓர் உண்மையை உணர்த்திற்று. பார் அழியாது நின்ற ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரமே எழுந்து, ஏறத்தாழ 50 மீற்றர் தூரமே நிலத்துட் புகுந்தது. அயலிலுள்ள பெரலியவிலோ ஏறத்தாழ 10 மீற்றர் உயர்ந்து, ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் உட்சென்றது. கடலடியின் வடிவம் முதலிய பிற ஏதுக்களும் உள என்பது மெய்யே. எனினும், கல் பெயர்த்த இடைவெளி வெள்ளத்துக்கு வாயிலாயிற்று என்பதே அவ்வாய்வு காட்டிய முடிபு.

இன்று சுண்ணாம்பின் இடத்தை வர்ணப்பூச்சுப் பெரிதும் பிடித்துக்கொண்டது. அதன் வெண்மை எங்கிருந்து வருகின்றது? வியப்பாயினும், கரிய மணலிலிருந்து! இல்மனைற்று, உரூத்தைல் என்னும் கனியங்களிலிருந்து பெறப்படும் ரைற்றேனியம் ஈரொட்சைட்டே அவ்வெண்மையைத் தருவது. இம்மணல் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் மிகுதியும் உண்டு. அதனை அகழ்ந்து பிரித்தற்கென அரசின் கனிய மணற் கூட்டுத்தாபனம் 1957இல் நிறுவப்பெற்றது. அங்கே வாடைக்காலத்து அலைகள் கனிய மணலை மீண்டும் கரையிற் கொணர்ந்து சேர்க்கின்றன. ஊரவர் பலர்க்கு வேலையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் கிடைக்கின்றன. ஆகவே, மணலகழ்தல் எங்கும் தீதென்று சொல்லிவிடல் பொருந்தாது.

மன்னார்த் தீவின் நிலை வேறு. அது கடல்மட்டத்தினின்றும் பெரிதும் உயராத மணற்றீவு. மழைநீர் மணலூடே இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அந்நீரே கிணறுகளிற் சுரப்பது. அத்தீவின் உட்புறத்து மணலை அகழ்ந்தால் அதனை மீளக் கொணர்ந்து இட அலை வாராது. நன்னீரும் உவர்ப்படையக் கூடும். 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் காற்றாலைக் கோபுரங்களையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்துத் தெருவில் இறங்கியமைக்கு இவ்வச்சமும் காரணமாயிற்று.

எனவே, அகழ்வதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எடுத்த பொருள் மீளுமா? அது கிடந்த இடத்தில் என்ன பணி செய்துகொண்டிருந்தது? அப்பணி நின்றால் இழப்பு யாருக்கு? ஊதியத்தைக் கணக்கெழுதுவோர், பாரும் மணலும் கூலியின்றிச் செய்துவரும் காவலையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும். அக்கணக்கு மீனவர்க்கும் கிணற்று நீர் குடிப்போர்க்கும் அவர்தம் மொழியிற் காட்டப்படவும் வேண்டும். அகழ்வைத் தடுக்கும் இடத்திலோ, பிழைப்பிழந்த தொழிலாளிக்கு மாற்றுவழி காட்டிய பின்னரே சட்டம் தன் கையை ஓங்குதல் முறை. அஃதில்லாத தடை களவுக்கே வழிவிடும் என்பதைத் தென்கரை கண்டது.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல்கொண்ட செய்தியைப் பழங்கதையாகவே கற்பித்து வந்தோம். கடல்கோள் என்னும் சொல்லுக்கு 2004இலேதான் நம் காலத்துப் பொருள் கிடைத்தது. இனி நெய்தற்றிணையைக் கற்பிக்கும்போது, மணலும் பாரும் வெறுங் காட்சிப் பொருள்களல்ல, அந்நிலத்து மக்களின் காவலும் ஆவன என்பதையும் சேர்த்தே உரைப்போம். பாடம் முடிந்த பின் மாணவரைக் கொள்ளுப்பிட்டிக் கரைக்கு அழைத்துச் சென்று அக்கருங்கற் குவியலைக் காட்டுவோம். 'இவற்றை இங்கே கொணர்ந்திட எவ்வளவு செலவாயிற்று?' என்று அவர்களே கேட்கட்டும்.