ஊர் சண்டையை தீர்க்க படிப்பவர் வீட்டில் என்ன நடக்கும்? குடும்ப ஆலோசனை படிப்பு தரும் வரவும் செலவும்

விருதுநகர்:

அடுத்தவர் வீட்டு புருஷன்-பொண்டாட்டி சண்டையை தீர்த்து வைக்க படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் சொந்த வீடு எப்படி இருக்கும்? நிம்மதியாகத்தானே இருக்கும் என்று நினைப்போம். ஆனால் படிக்கிற காலத்தில் முதலில் ஆட்டம் காண்பது அவர்கள் வீடுதான்.

இதுகுறித்த விவரம் வருமாறு:-

சிவகாசி, சாத்தூர் பக்கம் பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து உழைத்தால்தான் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட ஒரு வீட்டு மருமகள் சமூகப்பணியோ உளவியலோ படிக்க போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே குடும்ப ஆலோசனையும் பாடமாக வரும்.

குடும்ப வரைபடம்

அந்த பாடத்தில் மூன்று தலைமுறை குடும்பத்தை படமாக வரைய சொல்வார்கள். ஆணுக்கு கட்டம், பெண்ணுக்கு வட்டம். தீராத சண்டை என்றால் வளைந்து நெளிந்த கோடு. மாணவர்கள் தங்கள் குடும்பத்தையே வரைந்து பார்ப்பதும் உண்டு.

நம்ம பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சகஜம். மாமியாரே சொந்த அத்தையாக இருப்பார். புகுந்த வீட்டு சண்டையை வரைந்தால் பிறந்த வீட்டு பழைய கணக்கும் சேர்ந்தே வெளியே வரும். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் மனசில் புரள ஆரம்பிக்கும்.

"நான் என்ன கேஸா?"

அடுத்து வருவதுதான் சிக்கல். வகுப்பில் படித்ததை அன்று ராத்திரியே வீட்டில் சோதித்து பார்க்க தோன்றும். "உங்க கோபத்துக்கு காரணம் உங்க அப்பாங்க" என்பார் மனைவி. "என்னை என்ன கேஸா நினைச்சியா? நாலு எழுத்து படிச்சதும் எனக்கே பாடம் நடத்துறியா?" என்பார் கணவர். சமாதானம் பேச படித்த படிப்பே சண்டைக்கு காரணமாகி விடும்.

களப்பணியும் சும்மா விடாது. 2012 செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதுபோல் ஆளை பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து அழுகையை கேட்டுவிட்டு வருகிறவர், வீட்டில் பேச்சின்றி இருப்பார். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் விவரத்தை சொல்லவும் முடியாது. வீட்டுக்காரர் அதை தப்பாக எடுத்துக்கொள்வார்.

டாக்டர் கண்ட உண்மை

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்க மனநல டாக்டர் மர்ரே போவன். 1967-ல் நடந்த ஒரு மாநாட்டில், தன் சொந்த குடும்பத்தில் தான் நடந்துகொண்ட விதத்தையே அவர் விவரித்தார். தன்னிடம் பயின்ற இளம் டாக்டர்களுக்கும் அதை சொன்னார். சிலர் ஊருக்கு போய் அப்பா-அம்மாவிடம் அதேபோல் பழகி பார்த்தார்கள்.

விளைவு ஆச்சரியம். அவர்கள் சிகிச்சை தருவதில் முன்னேறினார்கள். அதோடு, வாரா வாரம் மனைவியுடன் வந்து சிகிச்சை பெற்றவர்களுக்கு இணையாக அவர்களின் இல்லற வாழ்க்கையும் சீரானதை போவன் கவனித்தார்.

அவர் சொன்னது இதுதான். இரண்டு பேருக்குள் இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை இழுப்பார்கள். மாமியாரும் மருமகளும் மோதினால் நடுவில் மகன் மாட்டுவது இப்படித்தான். யார் பக்கமும் சாயாமல், உறவையும் வெட்டாமல், தன் நடத்தையை மட்டும் மாற்ற பழக வேண்டும். மற்றவரை திருத்த புறப்பட்டால் காரியம் கெட்டு விடும்.

என்ன செய்யலாம்?

* சொந்த வீட்டில் ஆலோசகர் வேலை வேண்டாம். அங்கே நீங்கள் மனைவி, கணவன், மகள் மட்டும்தான்.

* "நீங்க இப்படித்தான்" என்பதை விட்டு "எனக்கு கஷ்டமா இருக்குங்க" என்று பேச்சை தொடங்குங்கள்.

* களப்பணி பாரத்தை பயிற்சி தரும் ஆசிரியரிடம் இறக்கி வையுங்கள். வீட்டில், "இன்னைக்கு மனசு சரியில்லை, உங்க மேல கோபம் இல்லை" என்று மட்டும் சொன்னாலே பாதி சண்டை வராது.

* அடி, உதை நடக்கும் வீட்டில் பொறுமை வைத்தியம் ஆகாது. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். மன பாரத்துக்கு 14416 என்ற இலவச எண் உள்ளது.

வீட்டுக்காரர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். படிக்க போன மருமகள் கேள்வி கேட்பது திமிரினால் அல்ல. இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதைத்தான் இப்போது கேட்கிறார். கொஞ்சம் காது கொடுத்தால் அந்த படிப்பு வீட்டுக்கும் உதவும்.