பிளக் எந்த இடத்தில் விரிந்தது?

ஸ்பார்க் பிளக் ஒருமுறை உடைந்தால் மாற்றிவிட்டு மறந்துவிடலாம். இரண்டே மாதத்தில் மறுபடியும் பீங்கான் விரிந்து, ஏற்றத்தில் கார் உதறத் தொடங்கினால், விற்ற கடைக்காரரைத் திட்டுவதுதான் நம் வழக்கம். போலிப் பிளக்குகள் சந்தையில் உண்டுதான். ஆனால் நம்பகமான கடையில் வாங்கியதும் தொடர்ந்து உடைகிறதென்றால், பழுது அதைப் பூட்டிய கையில் இருக்கிறது. இல்லையேல் அது உட்கார்ந்திருக்கும் என்ஜினில் இருக்கிறது. இரண்டில் எது என்பதை உடைந்த பிளக்கே சொல்லிவிடும். பட்டறையில் முதலில் குப்பைக்குப் போவது அந்தச் சாட்சிதான் என்பது வேறு கதை.

1881இல் தீயிலும் வெள்ளத்திலும் கோலாலம்பூர் அழிந்தபின், ஊரைச் செங்கல்லால் எழுப்ப மண் சுட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். சுட்ட மண்ணின் குணம் அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல: மேலே எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும், பக்கவாட்டில் வளைத்தால் பட்டென்று தெறிக்கும். பிளக்கின் வெள்ளைப் பகுதி அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடைச் சுட்டுச் செய்தது. செங்கல்லைவிடப் பல மடங்கு உறுதியானது என்றாலும் குணம் அதேதான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது விரிசல் எங்கே என்பதை. என்ஜினுக்கு வெளியே, ஆறுமூலை நட்டுக்கு மேலே பீங்கான் விரிந்திருந்தால் என்ஜினைச் சந்தேகிக்க வேண்டாம். கழற்றும்போதோ பூட்டும்போதோ ஸ்பானர் சாய்ந்திருக்கிறது. பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும் கார்களில் இது சுலபமாக நடக்கும். நீட்டுக் கம்பியோடு திரும்பும் மூட்டையும் சேர்த்துப் பிடித்து அவசரமாகத் திருகினால், சுமை முழுவதும் பக்கவாட்டில் பீங்கான் மேல் விழும். பழைய பிளக்குகளுக்கு 16 மி.மீ. சாக்கெட் என்றால், மெல்லிய புதிய ரகங்கள் பலவற்றுக்கு 14 மி.மீ. சாக்கெட் வேண்டும்; உள்ளே ரப்பர் பிடிப்பு இல்லாத சாக்கெட் என்றால் ஆட்டம் இன்னும் கூடும். சிமெண்டுத் தரையில் விழுந்த பிளக்கைத் துடைத்துப் பூட்டுவதும் இதே வகைத் தவறு. மயிரிழை விரிசல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. மழை நாளில் 20,000 வோல்ட் அந்த இழை வழியே இரும்புக்குத் தாவும்போதுதான் என்ஜின் மிஸ் அடிக்கும்.

இறுக்கத்துக்கும் கணக்கு உண்டு. 14 மி.மீ. மரை, வளையத்தோடு வரும் பிளக், அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாத போர்மேன் புதுப் பிளக்கைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு அரைச்சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்றுவரை இறுக்கினால் போதும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று பல்லைக் கடித்து இழுப்பது கெடுதல்.

ஒரு பொய்க் குற்றச்சாட்டையும் இங்கே தள்ளிவிடலாம். நட்டுக்கு மேலே பீங்கானைச் சுற்றி மங்கிய பழுப்பு வளையம் தெரிந்தால் ‘புகை கசிகிறது’ என்று பிளக்கை மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை. அதனால் கேடில்லை.

நுனியில், அதாவது எரியும் அறைக்குள் நீட்டியிருக்கும் பகுதியில், விரிசல் என்றால் கதை மாறுகிறது. இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று நடுக்கம்பியை நெம்பியிருந்தாலும் அங்கே உடையும். அப்படி யாரும் செய்யவில்லை என்றால் சந்தேகம் நாக்கிங் மேல் விழ வேண்டும். பொறி பற்றவைத்த தீ பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிப்பதுதான் நாக்கிங். அந்த அதிர்ச்சி அலை பீங்கானை உடைக்கும், விட்டுவிட்டால் பிஸ்டனையும் தின்னும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்குத் தோதான ஒரு கூட்டணி உண்டு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிய கார்களோடு வந்த ஹாஃப்கட் என்ஜின்கள் இங்கே பழக்கப்பட்ட சரக்கு. 1994இல் வந்த 660 சிசி கஞ்சிலுக்குள் டைஹாட்சு மிரா டர்போவும், புரோட்டோன் வீராவுக்குள் மிட்சுபிஷி 4ஜி93 டர்போவும் ஏறிய கதை கார்ப் பிரியர்களுக்குத் தெரியும். ஜப்பானில் பிரீமியம் பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் எண், 96. பம்புகளில் கிடைப்பது 100ஐ ஒட்டியது. இங்கே 2009இல் ரோன்92 போய் ரோன்95 வந்தது. பல ஆண்டுகள் 2 வெள்ளி 5 காசில் நின்ற அதன் விலை, 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசானது. ரோன்97 அதைவிட விலை அதிகம். டர்போவை வாங்கியவர் எதை ஊற்றுவார்? போதாக்குறைக்கு பூஸ்ட்டையும் கூட்டி, நெரிசலில் பேன் சரியாகச் சுழலாத ரேடியேட்டரோடு கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்தால், உடைகிற பிளக்கைக் குறை சொல்வது அநியாயம்.

பிளக்கின் வெப்ப எண்ணும் பொருந்த வேண்டும். நுனி சுமார் 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரியை எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் தானே தீப்பற்றவைக்கத் தொடங்கும். என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூடக் குளிர்ந்த ரகம்; ஒரு படிக்குச் சுமார் 70 முதல் 100 டிகிரி வித்தியாசம். பாஷில் இது நேர்மாறு. இது தெரியாமல் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் கேடுதான். இங்கும் ஓர் எச்சரிக்கை: குளிர்ந்த பிளக் போட்டால் நாக்கிங் நிற்காது. டைமிங், கலவை, என்ஜின் சூடு, கரிப்படிவு, நாக் சென்சர் ஆகியவற்றைப் பார்க்காமல் எண்ணை மட்டும் மாற்றும் பட்டறையை நான் நம்பமாட்டேன்.

எந்த சிலிண்டர் என்பதும் முக்கியம். எல்லாவற்றிலும் நுனி விரிந்தால் பெட்ரோல், டைமிங், வெப்ப எண் என்ற பொதுக் காரணங்களைத் தேடலாம். எப்போதும் ஒரே சிலிண்டரில் உடைந்தால் அங்கே இன்ஜெக்டர் அடைத்துக் கலவை வறண்டிருக்கலாம், அல்லது குளிர்நீர் அந்தப் பக்கம் சரியாகப் போகாமலிருக்கலாம். பீங்கான் துண்டு காணாமல் போயிருந்தால், புதுப் பிளக்கைப் பூட்டும் முன் சிறு கேமராவை உள்ளே விட்டுச் சுவரில் கீறல் உண்டா என்று பார்ப்பது அவசியம்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி எண் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் வேறு போர்மேனைப் பாருங்கள்.