மீனுக்கு ஒரு மாடி வீடு

கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினவர் உண்டா? ஒரு ஜோடி கப்பி வாங்கப் போன நான், ஒரே வருஷத்தில் மூணு தொட்டிக்காரன் ஆனேன். மூன்றையும் புத்தக அலமாரியில் அடுக்கினேன். பி.காம். மூளை விலையைத்தான் கூட்டியது, எடையைக் கூட்டவில்லை!

3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முட்ட நிரப்பினால் 127 லிட்டர். தண்ணீர் மட்டுமே 127 கிலோ சுவாமி! கண்ணாடி, கூழாங்கல் தனி.

ஒரு ராத்திரி நடுப்பலகை தொய்ந்து, தொட்டி விரிந்து, ஹாலெல்லாம் ஏஞ்சல் மீன் துள்ளியது. இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. "கீழ் வீட்டுல ஒழுகுதாம். நீங்களே போய்ப் பேசுங்க" என்றாள் மனைவி.

வெல்டிங் பட்டறைக்காரர் சிரித்தார். "பலகை வளையும், கண்ணாடி வளையுமா சார்?" ஒன்றரை அங்குல ஆங்கிளில் மூணு தட்டு. பின்பக்கம் மூலைக்கு மூலை குறுக்குப் பட்டை. அது இல்லாட்டி ரேக் பக்கவாட்டில் ஆடுமாம். துருவுக்கு ரெட் ஆக்சைடு. மேலே ப்ளைவுட், அதன்மேல் தெர்மகோல். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீரே ஊற்ற விட்டார்.

மிச்சமிருந்த இரண்டு தொட்டியும் ஏறியாச்சு. மூணாவதுக்குக் கொளத்தூர் போய்த் திரும்புவதற்குள், காலித் தட்டில் வரிசையாக ஊறுகாய் ஜாடி!