இருந்த பாலத்தை டிட்டோ தகர்த்தது ஏன்?

1943 ஜனவரி. யூகோஸ்லாவியாவில் டிட்டோ தலைமையிலான பார்ட்டிசான் கெரில்லாக்களை ஒழிக்க, ஜெர்மனியும் இத்தாலியும் ‘ஆபரேஷன் வைஸ்’ தாக்குதலைத் தொடங்கின. ஜெர்மன் மொழியில் வைஸ் என்றால் வெள்ளை. செட்னிக் படையினரும் கைகோத்தார்கள்.

போஸ்னியாவின் நெரெத்வா ஆற்றங்கரையில் பார்ட்டிசான்கள் சிக்கினார்கள். கூடவே காயம்பட்டவர்கள் சுமார் 4,000 பேர். டைபஸ் காய்ச்சல் வேறு. விட்டுட்டுப் போனால் அவர்கள் உயிர் தப்பாது.

மார்ச் தொடக்கத்தில் பாலங்களைத் தகர்க்கச் சொன்னார் டிட்டோ. ‘இனி ஆற்றைக் கடக்க மாட்டார்கள்’ என்று கணக்குப் போட்டது எதிரிப்படை. அங்கேதான் ஏமாந்தது. மார்ச் 6 இரவு, யாப்லானிட்சாவில் இடிந்து கிடந்த ரயில் பாலத்தின் மேலேயே மரப்பாதை போட்டு, பார்ட்டிசான்கள் தாண்டத் தொடங்கினார்கள். எதிர்க்கரையில் இருந்த செட்னிக்குகளை விரட்டி, காயம்பட்டவர்களையும் கரைசேர்த்தார்கள்.

நிம்மதி நீடிக்கவில்லை. மே மாதமே அடுத்த தாக்குதல். சுத்யெஸ்காவில் விட்டுவர நேர்ந்த காயம்பட்டவர்களில் பலரை ஜெர்மானியர்கள் கொன்றார்கள்.