மைதானம் கேட்பதற்கு முன்னர்

தோட்ட லயன்களுக்கு இடையேயுள்ள குறுகிய வெளியில் சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடுவதும், கிழக்கின் பல கிராமங்களில் கலை நிகழ்வுகள் பாடசாலை முற்றத்தை நம்பியே நடைபெறுவதும் எமக்குப் பழகிப்போன காட்சிகளாகும். நிதி இல்லாமையே இதற்குக் காரணமெனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அது பாதி உண்மை மட்டுமே. ஒதுக்கப்படும் நிதியைப் பெற்றுக்கொள்வதற்கான ஆவணங்கள் மக்களிடம் இல்லாதிருப்பதும் ஒரு காரணம் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

மலையகத்தின் அனுபவம் இதற்குச் சான்றாகும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக விளங்கியது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. எனினும் பெரும்பாலான தோட்டங்கள் 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டவை. ஆகவே அங்கு மைதானமொன்றை அமைப்பதாயின், காணியை விடுவித்துப் பெறுவதே முதற்படியாகின்றது. ஏனைய பிரதேசங்களிலும் தனியார் காணியிலோ, உரித்துத் தெளிவற்ற காணியிலோ பொதுப்பணத்தைச் செலவிட அதிகாரிகள் தயங்குவது இயல்பே. கோயில் அல்லது பள்ளிவாசல் காணியாயின், நிருவாகத்தினரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நன்று.

அடுத்தது அமைப்பின் தகுதி. விளையாட்டுக் கழகங்களைப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகவும், சனசமூக நிலையங்களை உள்ளூராட்சித் திணைக்களத்திலும் பதிவு செய்தல் அவசியமாகும். பொதுக்கூட்ட அறிக்கை, வங்கிக் கணக்கு, ஒழுங்கான கணக்கறிக்கை ஆகியன இல்லாத கழகத்தின் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாயினும் கோப்பிலேயே உறங்கிவிடும்.

காலமும் முக்கியமானது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை உள்ளூராட்சி சபைகள் ஆண்டின் இறுதி மாதங்களிலேயே நிறைவேற்றுகின்றன. அதற்கு முன்னரே மதிப்பீட்டுடன் கோரிக்கை சபைக்குச் சென்றடைய வேண்டும். ஜனவரியில் அளிக்கப்படும் மனு ஓராண்டு பிந்திய மனுவாகும். பதில் கிடைக்காதவிடத்து, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அதற்கான தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும்.

இவற்றையெல்லாம் பாமர மக்கள் தனித்து நின்று செய்துவிட முடியாது. ஊரிலுள்ள ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் கோரிக்கைகளைத் தயாரிப்பதில் கைகொடுத்தல் வேண்டும். அயல் அயலாக வாழும் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் பொதுவான மைதானமொன்றை இணைந்து கோருமாயின், அக்கோரிக்கையின் வலுவும் பெருகும், உறவும் வளரும். மைதானமும் கலை மண்டபமும் சலுகைகள் அல்ல. வரி செலுத்தும் மக்களின் உரித்துகள். அவற்றைக் கேட்கும் முறையறிந்து கேட்பதே இன்றைய தேவையென நாம் வலியுறுத்துகின்றோம்.