கைக்குத் தெரியாத ஆழம்

நினைவிழந்து மூச்சும் நின்றவரின் நெஞ்சை அமுக்கும்போது, எவ்வளவு ஆழம் போகிறது என்று அமுக்குகிறவருக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. 2005-இல் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் அளந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்களே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேரம் மேலோட்டமாகத்தான் அமுக்கியிருந்தார்கள்.

பெரியவர்களுக்கு இன்றைய விதி இது: நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே எழ வேண்டும். அது எழும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்புகிறது. இதயத் தசைக்கும் ரத்தம் கிடைக்கிறது. ஆனால் ஓரிரு நிமிடத்தில் கை அசந்துவிடும். ஆழம் குறைவது நமக்கே உறைக்காது.

கீழப்பாவூர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை வருஷம் பழகியிருந்தாலும், அளவுத் தகட்டை வைத்துத்தான் இலையை வெட்டுவார்கள். நெஞ்சை அமுக்கும் கைக்கு அப்படி ஒரு தகடுதான் பின்னூட்டக் கருவி.

உள்ளங்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வைக்கும் சின்னக் கருவி அது. செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்யும் முடுக்கமானிதான் பல கருவிகளில் இருக்கிறது. அதற்கு ஆழத்தை நேராக அளக்கத் தெரியாது. முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் கணக்கிட்டு, விளக்காலோ குரலாலோ சொல்கிறது.

மெத்தையில் இந்தக் கணக்கு ஏமாறும். மெத்தை 2 செ.மீ., நெஞ்சு 3 செ.மீ. அமுங்கினாலும் கருவி 5 என்றே காட்டும். அதனால் சிலவற்றில் முதுகுக்கடியில் வைக்க இன்னொரு உணரி உண்டு.

கருவி வந்தால் உயிர் பிழைப்பது கூடுமா? 2011-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் சுமார் 1,600 பேருக்கு மருத்துவமனைக்கு வெளியே, கருவியின் பின்னூட்டத்தோடும் அது இல்லாமலும் முதலுதவி தரப்பட்டது. அமுக்கும் தரம் உயர்ந்தது. பிழைத்தவர் எண்ணிக்கை மாறவில்லை. 2019-இல் வெளியான ஈரான் ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்தது. அங்கே பயன்படுத்திய கருவியில் பேட்டரிகூடக் கிடையாது. போதிய விசை விழுந்தால் ‘க்ளிக்’ என்னும், அவ்வளவுதான். பிழைத்து வீடு திரும்பியவர்கள் 28-இலிருந்து 54 சதவீதமானார்கள். ஆனால் வீட்டிலோ தெருவிலோ நிலைமை வேறு. ஆள் விழுந்ததும் கை வைப்பதற்கும், ஆம்புலன்ஸ் வந்தபிறகு வைப்பதற்கும் உள்ள இடைவெளியை எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது.

ஆகவே, பக்கத்தில் இருப்பவரே உடனே அமுக்கப் பழகியிருக்க வேண்டும்; கருவிக்குச் சரியான இடம் பயிற்சி வகுப்பு. பெரியவர்களின் நெஞ்சை அமுக்கும் முதலுதவிப் பயிற்சியில் அமெரிக்க இதயச் சங்கம் 2019 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் வகுத்த பொதுமக்களுக்கான முறையில் வாயால் ஊதுவதும் கிடையாது, அமுக்கினால் போதும். பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி மன்றத்திலோ ஒரு பொம்மையும் ஒரு கருவியும் இருந்தால், ஊரே பழகிக்கொள்ளலாம்.

வீட்டில் யாராவது நினைவும் மூச்சும் இல்லாமல் விழுந்தால், 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். கட்டிலில் இருந்தால் தரையில் இறக்குங்கள். உடனே அமுக்கத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.